ராஜினாமா என்று தலைப்பிட்ட தாள்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வலது மணிக்கட்டுல ஆவி பட்ட புண் மட்டும் காஞ்சுட்டு வருது. உன் மருமக பள்ளிக்கூடம் போறா, நல்லா சாப்பிடறா. உன் வீட்டுக்காரிக்கு நாலாம் மாசம் ஆச்சே, வாந்தி நின்னுச்சா?

நீ பத்து தடவை போன் பண்ணினது தெரியும். எடுக்க மாட்டேன். போன்ல ரெண்டு நிமிஷம் குழைஞ்சு பேசி என்னை ஆத்திடுவ. எனக்கு இப்ப ஆற இஷ்டம் இல்ல. எழுதறேன், உட்கார்ந்து படி.

எனக்கு வேலை போச்சு. நீ சேர்த்துவிட்ட வேலைதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல ஆறு வருஷம் நின்ன கால் இது. சூட்டுல துணி தேய்க்கற ரோலருக்குள்ள விரிப்பை விடும்போது இந்த முனை நான் பிடிப்பேன், அந்த முனை கண்ணாடி பிடிப்பா. அவளைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்கேன். இந்திக்காரி, கண்ணாடி போட்டவ, ஆவியில அது மங்கினா என் ஏப்ரன் முனையில துடைச்சுக்கறவ. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. சாமான், தயார், பாக்கி, ஜோடி, குஷின்னு ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு இருபது வார்த்தை. அதை வச்சே குடும்பக் கதை முழுக்கப் பேசி முடிச்சிருக்கோம்.

ரோலருக்கு முன்னால கை உள்ள போகாம தடுக்க ஒரு கம்பி உண்டு. விரிப்பு சிக்குது, வேகம் குறையுதுன்னு ஜனவரி மொத வாரம் சூப்பர்வைசர் அதைக் கழட்டி அலமாரி மேல போட்டான். எந்நேரமும் அவசரம் அவசரம்னு கத்தறதால அவனுக்கு நாங்க வச்ச பேரே அவசரம். இருபத்திரெண்டாம் தேதி கண்ணாடியோட இடது கை விரிப்போட சேர்ந்து உள்ள போயிடுச்சு. நிறுத்துற கயிறை இழுத்தது நான். கையை வெளிய எடுத்தது நான். மூணு விரல். அதுக்கு மேல எழுத வரல. அவசரம் ஓடி வந்து மொதல்ல விரிப்புல கறை பட்டிருக்கான்னு பார்த்தான். அவன் காலரைப் பிடிச்சு செவுத்துல சாத்தினேன். அதுக்கு எனக்கு வருத்தமே இல்ல.

போன வாரம் மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல ரெண்டு தாள், ஒண்ணு இந்தி, ஒண்ணு தமிழ். கண்ணாடி கட்டுப் போட்ட கையோட வந்தவ, இந்தித் தாளைப் படிச்சா, கையெழுத்துப் போட்டா. தமிழ்த் தாளை என் பக்கம் தள்ளி, "ராஜிநாமா, ராஜிநாமா"ன்னு தலையை ஆட்டிச் சிரிச்சா. தாளைப் பார்த்தேன். தலைப்புல கொட்டை எழுத்துல ராஜினாமான்னு போட்டிருக்கு.

நான் இழுத்து எடுத்த கைக்காரி என்னை வேலையை விட்டுட்டுப் போன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. தாளை நாலாக் கிழிச்சு அவ மடியில போட்டேன். வாயில வந்ததெல்லாம் பேசினேன். அவளுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, முகம் மட்டும் புரிஞ்சிருக்கும். அப்புறம் மேனேஜர் ஏதோ கேட்டார். பதில் சொல்லிட்டு வந்துட்டேன். மூணாம் நாள் வேலை நீக்கம்னு ஓலை வந்துச்சு.

நீ படிச்சவன். ஒருத்திக்கு இந்த நெஞ்சழுத்தம் எங்கேருந்து வரும்னு எனக்குச் சொல்லு.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். வாந்தி நின்றுவிட்டது. எனக்கு வழக்கமான முதுகு வலி. உன் மணிக்கட்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கண்ணாடி உன்னைப் போகச் சொல்லவில்லை, அக்கா. இந்தியில் ராஜிநாமா என்றால் சமாதானப் பத்திரம். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுதிய தாள். சண்டை இத்தோடு முடிந்தது என்று இரண்டு தரப்பும் எழுதிக்கொள்வது. நாமும் "கேஸை ராஜி பண்ணிக்கிட்டாங்க" என்று சொல்வோமே, அதே ராஜிதான். பின்னால் நாமா ஒட்டிக்கொண்டதும் நமக்கு அது வேலையை விடுகிற கடிதமாகிவிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் அப்படியே. மலையாளத்தில் நாமாகூட வேண்டாம், ராஜி வைத்தார் என்றாலே வேலையை விட்டார் என்றுதான் பொருள். குஜராத்தியில் ராஜி என்றால் சந்தோஷம். பஞ்சாபியில் காய்ச்சல் விட்டு எழுந்தவரையும் ராஜி ஆகிவிட்டார் என்பார்கள்.

ஆகவே அவள் மேல் தப்பில்லை. உன் மேலும் இல்லை. யார் மேலும் பெரிய தப்பு என்று சொல்ல முடியாது. சொல் அப்படி. நடந்ததை விட்டுவிடு. வேறு வேலை நான் பார்க்கிறேன்.

மருமகளுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நாங்க இருக்கோம். புண் காஞ்சுடுச்சு.

வேலை போச்சுன்னு எழுதினா நீ எனக்கு ஏழு மொழியில பாடம் நடத்தறே. படிச்சு முடிச்சு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்புல வச்ச பாத்திரம் அடி பிடிச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டினாங்க. அவ அன்னைக்கு என்ன சொல்லியிருக்கான்னு இப்பத்தான் புரியுது. சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் வேலையில இருப்போம்னு சொல்லியிருக்கா. அதுக்குத்தான் சிரிச்சிருக்கா. நான் தாளைக் கிழிச்சு மடியில போட்டிருக்கேன்.

மறுநாள் காலையில அவ இருந்த பெண்கள் விடுதிக்குப் போனேன். அவ கட்டில்ல வேற யாரோ படுத்திருக்காங்க. அஜாக்கிரதையா கையை விட்டுக்கிட்டான்னு சொல்லி அவளையும் நீக்கிட்டாங்களாம். எங்கே போனான்னு விடுதிக்காரம்மாவுக்குத் தெரியாதாம், தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்ல மாட்டாங்களாம். அந்தம்மா பார்த்த பார்வையே சொல்லுச்சு.

சொல் மேல தப்புன்னு எழுதறே. சொல்லுக்குக் கை இருக்கா? யாரோ ஒருத்தன் உட்கார்ந்து அந்தத் தலைப்பை எழுதியிருக்கான். சலவைக்கூடத்தை நடத்தற கம்பெனியோட தாளெல்லாம் உங்க மொழிபெயர்ப்பு ஆபீசுக்குத்தானே வருது? அங்க பார்த்த விளம்பரத்தை வச்சுத்தானே என்னை இங்க சேர்த்தே? தமிழ் எழுதறவங்க நீங்க நாலு பேரு. யார்னு கேட்டுச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு நாள் அவன் முன்னால போய் நின்னு, உன் அரை நிமிஷ வேலையில ரெண்டு பொம்பளைங்க சோறு போச்சுன்னு சொல்லணும்.

வேற வேலை பார்க்கறேன்னு எழுதியிருக்கே. அதை நான் பார்த்துக்கறேன். நீ இதைப் பாரு.

அக்கா


மார்ச் 23

தம்பிக்கு,

மூணு வாரமாச்சு, உங்கிட்டேருந்து ஒரு வரி இல்ல. உன் வீட்டுக்காரிக்கு ஏதும் இல்லையே? அப்படின்னா மட்டும் போன் பண்ணு, எடுக்கறேன்.

நேத்து தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னாடியே கண்ணாடி அங்க புகார் கொடுத்திருக்கா. தெரிஞ்சதும் எனக்கு உசிரு வந்துச்சு. அங்க இருந்த அதிகாரியம்மா கோப்பை எடுத்து, தமிழ்த் தாளோட நகலைக் காட்டினாங்க. தலைப்புல சமரச ஒப்பந்தம்னு இருக்கு. "இது ஆபீஸ்லேருந்து முத்திரையோட வந்த நகல். நீங்கதான் தப்பாப் படிச்சிருக்கீங்க"ன்னாங்க. கிழிச்ச தாள் எங்கம்மான்னு கேட்டாங்க. அது அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் மருமக பாடப் புஸ்தகத்தை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாப் படிச்சுப் பார்த்தேன். கண்ணு சரியாத்தான் இருக்கு. ஆனா ராத்திரியெல்லாம், நிஜமாவே நான்தான் தப்பாப் படிச்சேனோன்னு இருக்கு. அப்படி இருந்தா நான் மனுஷியே இல்ல.

பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அவளுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் வேலை தலைக்கு மேல். ஒரு நாளைக்கு நாற்பது தாள். அதனால்தான் தாமதம்.

யார் எழுதினார்கள் என்று கேட்பது அத்தனை சுலபமில்லை. தாள்களில் எங்கள் பெயர் இருப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. தலைப்பை விடு, நீ தாள் முழுவதையும் படித்திருக்கலாம். நாலாவது வரியிலேயே இருவரும் தத்தம் பணியில் தொடரலாம் என்று இருந்ததே. அதைப் படித்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. எல்லாத் தவறையும் ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

மழைக்கு முன் மருமகளுக்குப் புதுக் குடை வாங்கிவிடு. பழையது ஒழுகும்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்கறதை இன்னொரு நாள் வச்சுக்கறேன்.

நாலாவது வரியை நான் படிக்கல. தலைப்பைப் படிச்சேன், கிழிச்சேன். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. தெரியாததை நான் உனக்கு எப்படி எழுதியிருப்பேன்? என் கடிதத்தையெல்லாம் எடுத்துப் பாரு. அதிகாரியம்மா காட்டினப்பக்கூட தலைப்பைத் தாண்டி என் கண்ணு போகல.

உனக்கு எப்படிடா தெரியும்?

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

நான்தான்.

இதை எழுத இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில் ஒரு கட்டு வந்தது. பன்னிரண்டு தாள், ஒரு மணி நேரம். அதில் இது ஒன்பதாவது. உன் பெயர் இல்லை, தொழிலாளி எண்கள் மட்டும். இந்தியில் ராஜிநாமா என்று இருந்தது, கை தன்பாட்டுக்கு ராஜினாமா என்று எழுதிவிட்டது. எனக்கு அர்த்தம் தெரியும், அக்கா. தெரிந்தும் எழுதினேன். அதுதான் எனக்கே புரியவில்லை. இந்த வேலையில் பழகிப்போன சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். தெரியாத சொல்லாக இருந்தால் நின்று பார்ப்போம்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு, மார்ச் பத்தாம் தேதி, தொழிலாளர் அலுவலகத்திலிருந்து எங்களிடம் அந்தத் தாளின் நகல் கேட்டார்கள். நான் தலைப்பைத் திருத்தி அனுப்பினேன். ஆம், நான்தான். நீ உன் கண்ணைச் சந்தேகப்பட்ட அந்த இரவுக்கும் நான்தான் காரணம்.

இவளுக்கு ஆறாம் மாதம். எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

திட்டச் சொல்லி எழுதியிருக்கே. திட்டினா உனக்கு லேசாயிடும். அந்த உதவியை நான் செய்ய மாட்டேன்.

தப்பா எழுதினதை விடு. கை தவறும். என் கையும் எத்தனையோ விரிப்பைக் கருக்கியிருக்கு. ஆனா மார்ச் பத்தாம் தேதி உன் கை தவறல. என் கடிதத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நிதானமா, அழகா, முத்திரை குத்தி என்னைப் பொய்க்காரி ஆக்கியிருக்கே. அதுக்கப்புறம் உட்கார்ந்து எனக்குக் குடை வாங்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கே. நாலாவது வரியைப் படிச்சிருக்கலாமேன்னு கேட்டிருக்கே. எனக்கு அந்த வரிதான்டா தொண்டையில நிக்குது.

இன்னொண்ணும் யோசிச்சேன். சரியா எழுதியிருந்தாலும் அது யோக்கியமான தாள் இல்ல. கம்பி கழட்டினதைப் பத்தி மூச்சு விடாதீங்க, வேலையில இருங்கன்னு வாயை அடைக்கிற தாள். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது வேற கதை.

நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். நடந்ததை உன் கையால எழுதி, உன் பேரைப் போட்டு, அதிகாரியம்மாகிட்ட கொடு. வேலை போகும். போகட்டும். எனக்குப் போகலையா, அவளுக்குப் போகலையா? குழந்தை பிறந்தா நான் பட்டினி போட்டுட மாட்டேன். கொடுத்துட்டு எழுது. கொடுக்காம எழுதாதே.

உன் வீட்டுக்காரிக்குக் கால் வீக்கம் வத்துச்சான்னு அவளையே எழுதச் சொல்லு.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

அவளுக்கு வீக்கம் வற்றிவிட்டது. உனக்கு எழுதச் சொன்னேன். நீயே எழுதிக்கொள், உன் முகத்தைக் காப்பாற்ற நான் எழுத மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். 

கொடுத்துவிட்டேன். நேரில் போய், என் பெயரைப் போட்டு, இரண்டு பக்கம். அதிகாரியம்மா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் எங்கள் முதலாளி கூப்பிட்டார். நீக்கினால் அலுவலகத்துக்குக் கெட்ட பெயர், நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அதன் இடத்தில் சரியாக எழுதியது அன்றைக்குத்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பத்து நாள் போய்விட்டது. அதிகாரியம்மா கோப்பை என் முன்னால் விரித்து வைத்திருந்தார். அன்றைக்கு மேனேஜர் அறையில் உன்னைக் கேட்ட கேள்வியும், உன் பதிலும், கீழே உன் கையெழுத்தும் இருந்தன. விபத்தின்போது தடுப்புக் கம்பி இருந்ததா என்பது கேள்வி. "எனக்குத் தெரியாது, அவளையே கேளுங்க" என்பது பதில். அதை வைத்துத்தான் கண்ணாடியை அஜாக்கிரதை என்று நீக்கியிருக்கிறார்கள்.

ஜனவரி முதல் வாரமே கழட்டிவிட்டான் என்று நீ எனக்கு எழுதியிருக்கிறாய். 'மேனேஜர் ஏதோ கேட்டார், பதில் சொல்லிட்டு வந்துட்டேன்' என்றும் எழுதியிருக்கிறாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஜூன் இருபத்திமூன்றாம் தேதி விசாரணை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். உன் மருமகளுக்குக் குடை வாங்கியாச்சு. நான் ஒரு தையல் கடையில பித்தான் வைக்கப் போறேன். உன் வீட்டுக்காரிக்கு எட்டாம் மாசம் முடியப்போகுது, தனியா விடாதே.

ஒரு மாசம் உனக்குப் பதில் எழுதல. எழுத என்ன இருக்கு? நீ கேட்டது நிஜம். மேனேஜருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், திட்டறதுக்கும் கேள்வி கேட்கறதுக்கும் போதுமான அளவு. கம்பி இருந்துச்சான்னு கேட்டார். எனக்குக் கண்ணு மண்ணு தெரியாத கோபம். இவளுக்காக நான் ஏன் பேசணும்னு இருந்துச்சு. தெரியாதுன்னேன். கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை மட்டும் கிழிக்கல பாரு.

உன்னைத் திட்டித் திட்டி எழுதினப்பெல்லாம் இது உள்ள கிடந்து அறுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. உன் மேல கோபமா இருக்கற வரைக்கும் அதைப் பார்க்காம இருக்க முடிஞ்சுது.

விசாரணைக்குப் போனேன். நீளமான ஒரு அறை, நடுவுல மேஜை. அந்தப் பக்கம் கண்ணாடி. இடது கையை மடியில துணி போட்டு மூடியிருந்தா. பக்கத்துல மொழிபெயர்க்க ஒருத்தர். மேனேஜரும் அவசரமும் இந்தப் பக்கம், எனக்கு ரெண்டு நாற்காலி தள்ளி. கம்பியை ஜனவரி மொத வாரமே கழட்டி அலமாரி மேல போட்டாங்க, நான் தெரியாதுன்னு சொன்னது பொய்னு சொன்னேன்.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"ன்னு அதிகாரியம்மா கேட்டாங்க.

"கோபத்துல."

"என்ன கோபம்?"

வார்த்தையைச் சொன்னேன். அவளுக்கு அது என்ன, எனக்கு அது என்னன்னு சொன்னேன். மொழிபெயர்க்கறவர் அவகிட்ட சொன்னார். அவ ரொம்ப நேரம் பேசினா, என்னைப் பார்க்காம, மேஜையைப் பார்த்து. அவர் ரெண்டே வார்த்தையில, "அவங்களுக்கு வருத்தம்தான்"னார். "அவ அவ்வளவு நேரம் பேசினா, முழுசாச் சொல்லுங்க"ன்னேன். அவர் அதிகாரியம்மாவைப் பார்த்துட்டுச் சொன்னார்.

"வார்த்தை தப்பா வந்துச்சு, சரி. அது யாருக்கும் வரும். ஆனா கம்பி இல்லைங்கறது இவளுக்குத் தெரியும். தினம் என் பக்கத்துல நின்னு பார்த்தவ. அதைச் சொல்ல எந்த மொழியும் தெரிஞ்சிருக்க வேண்டாமே. தலையை ஆட்டியிருந்தாப் போதுமே, அப்படிங்கறாங்க."

நான் தலையை ஆட்டினேன். 

தீர்ப்பு அவ பக்கம். கைக்கு வைத்தியம் முழுக்கக் கம்பெனி பார்க்கணும், அஜாக்கிரதைங்கறதை அவ பேர்லேருந்து எடுக்கணும், எல்லா ரோலருக்கும் கம்பியைத் திரும்பப் போடணும்னு ஆச்சு. அவசரத்தை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. என்னைத் திரும்பச் சேர்க்க முடியாதுன்னுட்டாங்க. காலரைப் பிடிச்சதுக்கும், பொய் சொன்னதுக்கும். சரின்னேன்.

முந்தாநாள் அவ ஊருக்குக் கிளம்பறான்னு விடுதிக்காரம்மாவே ஆள் விட்டுச் சொன்னாங்க. எதுக்குச் சொன்னாங்கன்னு தெரியல. பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு பெரிய பை, ஒரு சின்னப் பை. சின்னதை வலது தோள்ல மாட்டியிருந்தா. பெரியதை வலது கையால தூக்கப் பார்க்கறா, தோள்ல இருக்கறது சரியுது, கீழ வைக்கறா, திரும்பத் தூக்கறா. நான் போய்ப் பையோட பிடியில கை வச்சேன். அவ கையை எடுக்கல. நானும் எடுக்கல. சுத்தி ஜனம் இடிச்சுக்கிட்டுப் போகுது. அப்புறம் அவ விட்டுட்டா.

பஸ்ஸுக்குள்ள ஏறி மேல் தட்டுல பையை வச்சுட்டு இறங்கினேன்.  அவ ஜன்னலுக்கு அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்துட்டா. பஸ் கிளம்பற வரைக்கும் நின்னேன்.

பிரசவத்துக்கு நான் வரேன். உனக்காக இல்ல, உன் வீட்டுக்காரிக்காக. அடுத்த மாசம் இருபதாம் தேதி காலை ரயில். எனக்கு இன்னும் கோபம் போகல, போகும்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஸ்டேஷனுக்கு வா. வந்து மன்னிப்பு, விளக்கம்னு ஒண்ணும் ஆரம்பிக்காதே.

பையைத் தூக்கிக்கோ, அது போதும்.

அக்கா